உபகாரச் சம்பளமா, கடனா?



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. “மகள் நன்றாகத்தான் தேறியிருக்கிறாள். மேலே படிக்கக் கடன் வாங்க வேண்டுமாமே!” என்பார்கள். கடன் என்ற சொல்லுக்கு அஞ்சியே பிள்ளையைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிவிடும் பெற்றோரும் உண்டு.

இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் முன்னோரில் பலர் கப்பல் செலவையே கடனாகச் சுமந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அச்சமோ இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

அரசாங்கம் கல்விக்குத் தரும் பணம் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்ததல்ல. விண்ணப்பத்தில் உள்ள மலாய்ச் சொல்லைக் கவனியுங்கள். ‘பியாசிஸ்வா’ என்றிருந்தால் அது உபகாரச் சம்பளம். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆயினும், படித்து முடித்தபின் சில ஆண்டுகள் அரசாங்கப் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் அதனுடன் சேர்ந்து வரலாம்.

‘பிஞ்சாமான்’ என்றிருந்தால் அது கடன். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பி.டி.பி.டி.என். தருவது இதுதான். இதற்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் உண்டு. வட்டிக்கு விடுபவரிடம் வாங்கும் கடனோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது. அதற்காக, இது இலவசம் என்றும் நினைத்துவிடக் கூடாது. படிப்பு முடிந்தபின் பிள்ளை தவணை முறையில் கட்டியே ஆக வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பெருஞ்செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் பயின்று, எஸ்.டி.பி.எம். எழுதிப் பல்கலைக்கழகம் செல்லலாம். கல்வியமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரிகளிலும் இந்திய மாணவர்களுக்கு இடம் உண்டு.

இனி, பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரமாக வையுங்கள். சம்பளச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதைக் குடும்ப வருமானத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். விண்ணப்பம் இப்போது கணினி வழிதான். வீட்டில் வசதி இல்லையென்றால் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குறித்த நாள் கடந்துவிட்டால், அடுத்த தவணைக்குக் காத்திருக்க நேரும்.

கையெழுத்திடுமுன் பிள்ளையை அந்தத் தாளைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். திருப்பிக் கட்ட வேண்டுமா? எப்போது கட்டத் தொடங்க வேண்டும்? வேலை ஒப்பந்தம் ஏதும் உண்டா? விடை தெளிவானபின், பிள்ளையோடு கலந்து முடிவெடுங்கள்.