பிராணிகள் காப்பகமும் நம் இளைஞர்களும்

(தோட்ட இளைஞர் மன்றப் பொறுப்பாளர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



பிராணிகள் காப்பகத்திற்கு மாதம் ஒருமுறை நம் இளைஞர்களை அழைத்துச் செல்ல ஒரு தொண்டர் தேவை என்று மன்றம் கேட்டிருக்கிறது. பெயர் கொடுப்போர், அப்பணி யாது என்று முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். வேனுக்கு ஏற்பாடு செய்து, பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். அது பணியின் மிகச் சிறிய பகுதியே. காப்பகத்திற்கும் இளைஞர்களுக்கும் நடுவே நின்று, வேண்டிய நேரத்தில் இரு தரப்பினரிடமும் ‘இது வேண்டாம்’ என்று துணிந்து சொல்லக்கூடிய ஒருவரே இங்குத் தேவைப்படுகிறார்.

காப்பகம் என்பது பட்டணத்துச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. சிலாங்கூரில் ஆம்பாங்கிலும், பினாங்கில் ஜெலுத்தோங்கிலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கங்கள் காப்பகம் நடத்துகின்றன. இத்தகைய இடங்களுக்கு வரும் நாய்கள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, லயங்களைக் காலி செய்த குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றன. அங்கே நாய் வளர்க்க இடமில்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. நாய் மட்டும் வாசற்படியில் நின்றுவிட்டது. அவ்வாறு விட்டுச் சென்றவர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்களுக்கே போக்கிடம் அரிதாயிருந்த காலம் அது. ஆயினும் அந்த நாய்களின் கதை நம் கதையோடு சேர்ந்தது என்பதை மறுக்க இயலாது.

பொறுப்பேற்பவர் முதன்முறை தனியாகவே காப்பகத்திற்குச் சென்று வருதல் வேண்டும். எந்த நாள் அவர்களுக்கு வசதி, எத்தனை பேர் வரலாம், வயது வரம்பு உண்டா, என்ன வேலை தருவார்கள், கடிபட்டால் அவர்களுடைய நடைமுறை யாது ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மன்றத்தில் நாற்பது பேர் ஆர்வமாக இருக்கலாம். காப்பகம் பத்துப் பேர் போதும் என்று சொல்லலாம். அப்போது முப்பது பேரிடம் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கச் சொல்பவர் இவர்தாம். கூட்டமாக நுழைந்தால் ஒரு நாய் குரைக்கும். அதைக் கேட்டு எல்லாக் கூண்டுகளும் குரைக்கும். புதிதாக வந்த பிராணி மூலையில் ஒடுங்கி, அன்று உணவையும் தொடாது. நல்லெண்ணத்தோடு போனவர்கள் துன்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதாகவே அது முடியும். ஐந்து இளைஞருக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு பொருத்தமானது என்பது என் கருத்து. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். தலையை எண்ணும் பழக்கம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வித்தை தெரியும். தெருநாய் துரத்தினால், கல்லெடுப்பது போலக் குனிவார்கள், நாய் ஓடிவிடும். கல்லடி பட்டுக் காப்பகத்திற்கு வந்து சேர்ந்த நாய்க்கு அந்தக் குனிதலே பேரச்சம். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாலும் அது நடுங்கும். அச்சமுற்ற நாய்தான் கடிக்கும். ஆகவே புறப்படுவதற்கு முன்னரே, மன்ற மண்டபத்தில் இவற்றைப் பழக்க வேண்டும்: ஓடாதிருத்தல், கூவாதிருத்தல், கம்பிக்குள் விரலை நீட்டாதிருத்தல், நாயின் கண்ணை உற்றுப் பாராமல் பக்கவாட்டில் நின்று அதுவே நெருங்கி வரக் காத்திருத்தல். உண்ணும் நாயையும் குட்டியீன்ற நாயையும் அணுகவே கூடாது.

இவ்வளவு கவனத்திற்குப் பின்னும் கடி நேரலாம். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை நாம் அறிவோம். கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவி, அப்போதே மருந்தகத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தடுப்பூசியை நேரத்தில் போட்டால் நோயைத் தடுக்கலாம். நோய்க்குறி தோன்றிய பின்னர் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாது. ஏச்சுக்கு அஞ்சிச் சிறு கீறலைப் பிள்ளை மறைப்பதே பேராபத்து. ‘கீறல் பட்டால் உடனே சொல்; ஏச மாட்டேன்’ என்று பொறுப்பாளர் முதல் நாளே வாக்களிக்க வேண்டும்; அவ்வாக்கைக் காக்கவும் வேண்டும்.

செருப்பைப் பற்றியும் ஒரு சொல். நாய்க்குட்டிகளைக் கழிச்சலிலும் வாந்தியிலும் கொல்லும் பார்வோ என்னும் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். காப்பகத்தில் மிதித்த செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தால், தடுப்பூசி போடாத நம் வீட்டுக் குட்டி மடியலாம். திரும்பியதும் செருப்பின் அழுக்கை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின், குளோரின் கலந்த வெளுப்பு நீரில் பத்து நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். முப்பத்திரண்டு பங்கு நீருக்கு ஒரு பங்கு வெளுப்பு நீர் போதும். உடையைத் தனியே துவைத்துக் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவினால் படர்தாமரை தொற்றும் வாய்ப்பும் குறையும்.

நம் இளைஞர்களோடு மலாய் நண்பர்களும் வர விரும்பலாம், வரவேற்க வேண்டியதே. முஸ்லிம் அன்பர்கள் தங்கள் சமய நெறிப்படி நாயைத் தொடுவதைத் தவிர்ப்பர். அவர்கள் அங்கு வந்து சங்கடப்படும்படி விடாமல், முன்னரே கேட்டறிந்து பூனைக்கூட வேலையையோ பதிவேட்டு வேலையையோ ஒதுக்கி வைப்பது பண்பு.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மிகக் கடினமானது. போன மாதம் பார்த்த நாய் எங்கே என்பதே அது. யாரேனும் அதை எடுத்துச் சென்றிருக்கலாம், நோயில் இறந்திருக்கலாம், தேறாத நிலையில் வலியின்றி உயிர்பிரியச் செய்திருக்கவும் கூடும். அக்காப்பகத்தின் வழக்கம் என்னவென்று பொறுப்பாளர் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்கு உண்மையையே சொல்ல வேண்டும். பண்ணைக்குப் போய்விட்டது என்று கதை கட்டினால், பின்னொரு நாள் உண்மை தெரியும்போது பொறுப்பாளரின் சொல் எதையும் அவர்கள் நம்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உண்மையைத் தாங்கும். அருகில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்பார்கள். முதல் வருகையில் கூடாது என்பதே விடை. பெற்றோர் இசைவும், கட்டணமும், ஊராட்சி உரிமமும், தடுப்பூசியும், கருத்தடையும் உண்டு. பெண் நாய் ஏறக்குறைய அறுபத்து மூன்று நாளில் ஈனும். ஆண்டில் இரு முறையும் ஈனக்கூடும். கருத்தடையின்றி ஒரு லயத்தில் விட்ட ஒரு நாய், சில ஆண்டுகளில் லயம் முழுதும் நாயாக்கிவிடும். பிறகு அவற்றையே கல்லால் அடிப்போம். பழைய சட்டத்தில் பிராணி வதைக்கு ஒரு காலத்தில் 200 வெள்ளிதான் உச்ச அபராதமாக இருந்தது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி அபராதம் 20,000 வெள்ளிக்குக் குறையாது. 100,000 வெள்ளி வரையிலும் போகலாம். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இளைஞர்களுக்கு இதையும் தெரிவித்து வையுங்கள்.

இறுதியாக, சொன்ன நாளில் போவது. மூன்றாம் ஞாயிறு என்று சொல்லிவிட்டால், அன்று பத்துப் பேர் கூண்டு கழுவ வருவார்கள் என்று நம்பிக் காப்பகத்தார் தம் வேலையைப் பகிர்ந்து வைத்திருப்பர். மழையால் பால்வெட்டு தள்ளிப்போவதும், ஞாயிறன்றும் பிரட்டுக்குப் போக நேர்வதும் நமக்குப் புதிதல்ல. வர முடியாவிட்டால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். வந்தவர் பெயரையும், செய்த வேலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்து வரும் பொறுப்பாளர் இருட்டில் துழாவ வேண்டியிராது. பெண்பிள்ளைகளும் வருவதால், பெண் தொண்டர் ஒருவரும் உடனிருத்தல் அவசியம்.

விருப்பமுள்ளோர் இன்றே செயலாளரிடம் பெயரைப் பதிவு செய்யலாம். முதல் மாதம் வேன் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். பெயர் கொடுத்தவர் மட்டும் ஒரு குறிப்பேட்டோடு போய் வரட்டும்.