பென்ஷன் வாத்தியாரும் வேலையில்லா வாத்தியாரும்



ஓய்வுபெற்ற ஆசிரியர் பென்ஷனும் வாங்கிக்கொண்டு மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வருகிறாரே, இது நியாயமா என்று நம்மைக் கேட்கிறார்கள்.

பென்ஷன் சர்க்கார் போடும் பிச்சையல்ல. உழைத்த காலத்தில் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி. 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அது தருமமல்ல, உரிமை என்றே தீர்ப்பளித்தது. ஆகவே பெரியவரின் பென்ஷன்மீது நமக்குப் பொறாமை இல்லை. வருஷ நடுவில் ஓய்வு பெறுகிறவரைக் கல்வியாண்டு முடியும்வரை வைத்துக்கொள்வதும் பிள்ளைகளுக்கு நல்லதே.

பின் எதை எதிர்க்கிறோம்? 2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க உத்தரவு வந்தது. மாதத் தொகை ரூ. 7,500, 10,000, 12,000! இதில் இளைஞன் குடும்பம் நடத்த முடியுமா? பென்ஷன் உள்ளவருக்குத்தான் கட்டும். அவருடைய பென்ஷனைக் காட்டியே வேலைக்குரிய கூலியை வெட்டுகிறார்கள்!

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிதா? நிரந்தர ஆள் போன இடத்தில் பதிலி. கூலியும் குறைவு, கேட்க நாதியும் இல்லை.

2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனையும் மறுத்தார்கள். பரீட்சை தேறிய இளைஞனோ வாசலிலே நின்று தலை நரைக்கிறான். வாத்தியார் இல்லாத வகுப்பில் உட்காருவது யார்? சீமான் பிள்ளையல்ல, நாற்று நடுகிறவள் பிள்ளை.

பெரியவரையும் இளைஞனையும் மோதவிடப் பார்ப்பார்கள், ஏமாறக் கூடாது. காலியிடத்தை நிரப்பு! நிரந்தர வேலை, முழுச் சம்பளம், எல்லோருக்கும் பென்ஷன் கொடு! இதை ஆசிரியர்களோடு சேர்ந்து நாமும் கேட்போம்.