பொன் குதிமுட்களும் ஒரு புதினமும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்றுப் புதினங்களைப் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வாளும் வேலும், குதிரையும் கோட்டையும் நிறைந்த கதைகள் பொழுதுபோக்கிற்கே உரியன என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. மொழியுரிமை இழந்து கிடந்த ஓர் இனம் தன்னைத் தான் அறிந்துகொள்ள ஒரு புதினம் துணைநின்றது. அதே புதினம் வரலாற்றுக்குப் பிழையும் செய்தது. அவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதற்கண் போரைக் காண்போம்.

இற்றைப் பெல்சிய நாட்டின் வடபகுதியே பிளாண்டர்சு. இடைக்காலத்தில் அது நெசவால் செழித்த நிலம். புரூச்சு, கெண்டு, ஈப்பர் ஆகிய நகரங்களின் துணி ஐரோப்பா எங்கும் விலைபோயிற்று. அந்நாட்டின் கோமகனைப் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்பு 1300-இல் சிறைப்படுத்தி, நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். நகரத்துப் பெருஞ்செல்வர் பலர் அவன் பக்கம் சாய்ந்தனர். பிரெஞ்சு அரசின் அடையாளமான அல்லிப் பூவை வைத்து மக்கள் அவர்களை 'அல்லியர்' என்றனர். எதிர்த்து நின்ற கைவினைஞர், பிளாண்டர்சுக் கொடியிலுள்ள அரிமாவின் நகத்தைக் கொண்டு 'உகிரர்' எனப்பட்டனர். பகைவன் வெளியே மட்டும் இருந்தானல்லன். உள்ளேயும் இருந்தான் என்பதை அப்பெயர்களே காட்டும்.

1302 மே 18 விடியற்காலை. புரூச்சு நகரில் தங்கியிருந்த பிரெஞ்சுப் படையினர்மீது மக்கள் பாய்ந்தனர். 'கேடயம்', 'நண்பன்' எனப் பொருள்படும் இரண்டு பிளெமியச் சொற்களைச் சொல்லச் செய்து, நாக்குப் பிறழ்ந்தவனை வெட்டினர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. அன்பர்களே, இதில் நாம் பெருமைகொள்ள ஒன்றுமில்லை. மொழி, உயிரை வளர்க்க வந்தது. உயிரைப் பறிக்க வந்ததன்று.

பழிதீர்க்கப் பிலிப்பு பெரும்படை விடுத்தான். அர்த்துவா நாட்டு இராபர்ட்டு அதன் தலைவன். ஐரோப்பியர் 'நைட்டு' என அழைத்த, தலைமுதல் கால்வரை இரும்பால் மூடிய உயர்குடிக் குதிரை மறவர் ஏறத்தாழ 2,500 பேர் அப்படையில் இருந்தனர் என்பர். அவர்களை எதிர்த்து நின்றோர் எண்ணாயிரத்திலிருந்து பதினாயிரம் பேர் வரையிலான காலாட்கள். நெசவாளர், இறைச்சி வணிகர், துணி வெளுப்போர், உழவர்! அவர்தம் கையில் நீண்ட ஈட்டியும், 'கூடெண்டாக்கு' எனும் தடியும் இருந்தன. பருத்த தடி, நுனியில் இரும்புப் பூண், அதன்மேல் ஒரு கூர்முள். 'நல்ல நாள்' என்பது அப்பெயரின் பொருள்!

1302 சூலை 11. கோர்த்திரைக்கு நகருக்கு வெளியே, ஓடைகள் குறுக்கிட்ட ஈரநிலத்தைத் தேர்ந்து, காலாட்படையினர் தோளோடு தோள் நெருங்கி நின்றனர். குதிரைகள் ஓடையைக் கடக்கும்போதே விரைவு குன்றின. ஈட்டி வேலி அசையவில்லை. அர்த்துவா இராபர்ட்டும் ஆயிரத்திற்கு மேற்பட்ட உயர்குடியினரும் மாண்டனர். மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு மறவரை விடுவிப்பதே அக்காலப் போர்வழக்கு. அன்று அவ்வழக்கு கைக்கொள்ளப்படவில்லை. வீழ்ந்தோர் காலில் கிடந்த பொன் குதிமுட்கள் ஏறத்தாழ ஐந்நூறு, அவ்வூர்த் தேவாலயத்தில் தொங்கவிடப்பட்டன. அதனால் 'பொன் குதிமுட் போர்' என்னும் பெயர் நிலைத்தது. ஆயின் வெற்றி நெடிது நிற்கவில்லை. 1305-ஆம் ஆண்டு உடன்படிக்கை பிளாண்டர்சின்மீது கடுந்தண்டம் சுமத்தியது. 1382-இல் மீண்டும் வென்ற பிரெஞ்சுப் படை, கோர்த்திரைக்கு நகரைக் கொளுத்திக் குதிமுட்களையும் கொண்டுசென்றது.

இனிப் புதினத்திற்கு வருவோம்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1830-இல் பெல்சியம் தனிநாடாயிற்று. மக்களுள் பெரும்பாலோர் பிளெமியர். அவர் பேசியது டச்சு மொழியின் தெற்கு வழக்கு. எனினும் அரசு அலுவலகத்திலும் முறைமன்றத்திலும் படையிலும் உயர்கல்வியிலும் பிரெஞ்சே கோலோச்சியது. பிளெமியம் சமையற்கட்டிலும் கொட்டிலிலும் பேசத்தக்கது என்று கற்றோர் இகழ்ந்தனர். இந்தக் குரலை நாமும் கேட்டிருக்கின்றோம் அல்லவா?

அந்நிலையில் எழுந்தவரே எண்டிரிக்கு கோன்சியன்சு. 1812-இல் ஆண்டுவெர்ப்பு நகரில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் பிளெமியர். முதலில் பிரெஞ்சில் பா எழுதியவர், பின் தாய்மொழிக்குத் திரும்பினார். 1837-இல் முதற்புதினம் வெளிவந்தபோது, இழிந்த மொழியில் எழுதினான் மகன் என்று சினந்து தந்தை வீட்டைவிட்டே வெளியேற்றினார் என்பர். மறு ஆண்டு, 1838-இல், 'பிளாண்டர்சின் அரிமா' வெளிவந்தது. 1302-ஆம் ஆண்டுப் போரே அதன் பொருள். நெசவாளர் தலைவர் பீட்டர் தெ கோனிங்கும், இறைச்சி வணிகர் யான் பிரைடலும் அதில் முன்வரிசையில் நின்றனர். தம் பாட்டன் யார் என்று பிளெமியர் தம் மொழியிலேயே படித்தறிந்தனர். தம் மக்களுக்குப் படிக்கக் கற்பித்தவர் என்றே அவரை இன்றும் போற்றுகின்றனர்.

புதினம் ஒன்றே உரிமை பெற்றுத் தந்துவிடவில்லை. 1898-இல்தான் சட்டங்களில் டச்சு மொழி பிரெஞ்சுக்கு நிகராயிற்று. கெண்டுப் பல்கலைக்கழகம் முழுமையும் டச்சு மொழிக்கு மாறியது 1930-இல். புதினம் வெளிவந்து தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள்! இடைவிடா உழைப்பும் கிளர்ச்சியுமே அதனை ஈட்டின. 1973 முதல் சூலை 11 பிளெமியரின் சட்டமுறையான விழாநாள்.

இனிப் பிழையைச் சொல்வேன். புதினத்தில், கோமகனின் மூத்த மகன் பெத்தூன் இராபர்ட்டு பொன் மெய்யுறை அணிந்து போர்க்களம் புகுந்து வெற்றி தேடித் தருகின்றார். அவரே கதையின் அரிமா. வரலாற்றிலோ, அந்நாளில் அவர் பிரெஞ்சு நாட்டில் சிறையில் இருந்தார்! மேலும், அப்போர் இரு மொழியினரிடையே மட்டும் நிகழ்ந்ததன்று. பிளாண்டர்சுக் கோமகன் குடும்பமே பிரெஞ்சுப் பண்பாட்டில் தோய்ந்தது. டச்சு பேசிய பிராபண்டு நாட்டுக் கோத்பிரே பிரெஞ்சு அணியில் நின்று மடிந்தார்.

இவ்வுண்மையால் பிளெமியரின் மொழியுரிமை குறைந்துவிட்டதா? இல்லை! மொழியுரிமை 1302-இல் வென்ற போரிலிருந்து பிறப்பதன்று. அம்மொழி பேசும் மக்கள் உயிரோடு இருப்பதிலிருந்து பிறப்பது. எண்ணிப் பார்த்தால், கதையைவிட உண்மையே உயர்ந்து நிற்கின்றது. அரிமா வரவில்லை, அரிமா இல்லாமலே நெசவாளர் வென்றனர்! பொன் மெய்யுறை அணிந்த தலைவனைப் புனைந்து நுழைத்ததால், தறி பிடித்த கையின் பெருமையிலன்றோ ஒரு பங்கு குறைந்தது?

நம் நிலையை எண்ணுங்கள். தமிழில் வரலாற்றுப் புதினங்கள் பலரைப் பழமைபால் ஈர்த்தன. அதனை மறுப்பது நன்றியன்று. ஆயினும் அவற்றுட் பெரும்பாலன அரசனையும் இளவரசியையும் சுற்றியே சுழன்றன. ஏரி வெட்டியவனும் கல் சுமந்தவனும் கூட்டத்தில் ஒருவராய் நின்றுவிட்டனர். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட பின்னரும், தமிழ்மன்னர் வாயில் வடசொற்களே பெருகின. மற்றொருபுறம், நம் உணர்வாளர் சிலர் சோழர்மீது ஒரு மாசும் படலாகாது என்கின்றனர். சோழ மன்னர் பார்ப்பனர்க்குச் சதுர்வேதிமங்கலங்கள் வழங்கியதைக் கல்வெட்டுகளே உரைக்கின்றன. அதனை மறைத்து எழுதும் புதினம், நாளை ஒருவன் ஒரு கல்வெட்டைக் காட்டியவுடன் சரிந்துவிடும். சரிவது புதினம் மட்டுமன்று. அதனை நம்பிய இளைஞனின் உணர்வும் சரியும்.

எனவே, எழுத முனையும் இளைஞர்களே! தூய தமிழில் எழுதுங்கள். உழைத்தவனை முன்னிறுத்தி எழுதுங்கள். கல்வெட்டைப் படித்தபின் எழுதுங்கள். பெருமையை எழுதும் அதே மையால் குறையையும் எழுதுங்கள். நம் மொழியின் உரிமைக்குப் பொய்யின் முட்டு வேண்டுவதில்லை.

வெல்க தமிழ்! வாழ்க உண்மை!