படத்தின் கீழே இருக்கும் சொல்



1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். அந்தத் தொகுதிகளில் நிறையப் புகைப்படங்கள் உண்டு. படத்தில் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. சாதியின் பெயர் இருக்கும். அந்த மனிதருக்குத் தாய் வைத்த பெயர் என்ன? யாரும் கேட்டு எழுதவில்லை.

பழைய கதைதானே என்று விட முடியாது. காப்பகத்தில் நாம் படத்தைத் தேடுவதில்லை, படத்தோடு ஒட்டியிருக்கும் சொல்லைத்தான் தேடுகிறோம். நம் பாட்டன் பாட்டியின் முகம் வேண்டுமென்றால், அவர்களை இழிவுபடுத்திய சொல்லை நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் போராடி, அரசுப் பதிவுகளில் ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத வழிசெய்தார். அச்சாகிப்போன படக்குறிப்புகள் அப்படியே கிடக்கின்றன.

இப்போது கணினியே படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறதே என்று மாணவர்கள் கேட்கலாம். 2021இல் வந்த ‘கிளிப்’ என்ற மென்பொருள், இணையத்தில் கிடைத்த 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த சொற்களையும் சேர்த்துப் படித்துத்தான் பயின்றது. யாரோ எழுதிவைத்த குறிப்புதான் அதற்கும் வாத்தியார். ‘இமேஜ்நெட்’ என்ற படத்தொகுப்பில் மனிதர்களை வகைப்படுத்திய சொற்களில் வசைகளும் இருந்தது 2019இல் பெரிய சர்ச்சையானது. சுமார் 6 லட்சம் படங்களை நீக்குவதாக அறிவித்தார்கள்.

வசை இல்லாத குறிப்பும் மறைக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எரிந்த குடிசையின் படத்துக்குக் கீழே ‘கூலித் தகராறு’ என்று மட்டும் எழுதினால், ‘சாதி’ என்று தேடும் மாணவிக்கு அது அகப்படாது. கூலிப் போராட்டம் உண்மை. எரிந்தது சேரி என்பதும் உண்மை. இரண்டு சொல்லும் வேண்டும்.

பழைய இழிசொற்களை அழித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அழித்தால் எழுதியவன் தப்பித்துக்கொள்வான். மேற்கோள் குறிக்குள் வையுங்கள், எழுதியது யார், எந்த ஆண்டு என்று போடுங்கள். அதற்கு மேலே நம் குறிப்பு வரட்டும்: யார், எந்த ஊர், கையில் என்ன, பின்னால் தெரிவது ஏரிக்கரையா களத்துமேடா. ‘பறை’ என்று எழுதும்போது ‘தப்பு’ என்றும் சேருங்கள். தேடுகிறவர் எந்த ஊர்ச் சொல்லோடு வருவார் என்று தெரியாதல்லவா?

நம் வீட்டுப் பெட்டிகளிலும் படங்கள் இருக்கின்றன. கல்யாணம், ஊர்வலம், சங்கக் கூட்டம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பெண்களை ‘இன்னார் மனைவி’ என்று முடித்துவிடாதீர்கள், அவர்களுக்கும் பெயர் உண்டு. படத்தின் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முகத்தின் பக்கம் ஊறிவிடும்.