"சும்மா ஒரு படம் வரைஞ்சு குடும்மா!"

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

என்னைப் பேச அழைத்தபோது, "ஐயா, நான் படத்துக்குச் சட்டம் போடுகிறவன். மேடையில் என்னத்தைப் பேசுவது?" என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்தது கண்ணாடி, சட்டம், ஆணி. சாமி படம், கல்யாணப் படம், காலமான பெரியவர்கள் படம் என்று முப்பது வருடமாகப் பட்டணத்தில் சட்டம் போட்டு வருகிறேன். முதல் முதலாக ஒரு நாய்ப் படத்துக்குச் சட்டம் போட்டது இரண்டு வருடத்துக்கு முன்புதான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்தப் பள்ளியில் படித்த பிள்ளை அது. பெயரைச் சொன்னால் கூச்சப்படும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். எஸ்.பி.எம். எழுதி முடித்திருந்த சமயம், ஒருநாள் பழைய நாளிதழில் சுருட்டி ஒரு ஏ4 தாளைக் கொண்டு வந்தாள். "மாமா, இதுக்குச் சட்டம் போட எவ்வளவு?" என்று கேட்டாள். பிரித்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டு நாய். வெறும் பென்சில்தான். சோற்றுப் பானை எப்போது இறங்கும் என்று அடுப்படி வாசலில் படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்குமே, அந்தப் பார்வை அப்படியே இருந்தது.

தோட்டத்தில் அவள் படம் இல்லாத வீடு கிடையாது. காசு கொடுத்த வீடும் கிடையாது. "சும்மா ஒரு படம் வரைஞ்சு குடும்மா, எங்க பூனை அழகா இருக்கும்" என்பார்கள். அவளும் வரைந்து கொடுப்பாள். இதில் நான் மட்டும் என்ன யோக்கியன்? என் மகள் வீட்டுப் பூனையை வரைந்து வாங்கிக்கொண்டு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்து அனுப்பியவன்தான் நான். பென்சில் விலைக்குக் கூட அது காணாது.

அந்தச் சமயத்தில்தான் ஜொகூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்தார். தங்க இடம் தருவோம், பஸ் உண்டு என்றார். அப்பா சரி என்றுவிட்டார். பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா என் கடைக்கு வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றார். நான் போய்ச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஏண்ணே, நாய்ப் படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?"

கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை. விடியும் முன் பெரட்டுக்குப் போகிற மனிதர் கேட்ட நியாயமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறேன். இங்கிலாந்தில், லிவர்ப்பூலில், தோல் பதப்படுத்தும் தொழிலாளி ஒருவருக்கு 1724இல் பிறந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். செத்த குதிரைகளை அறுத்து, எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒன்றரை வருடம் உட்கார்ந்து வரைந்தார். நாற்றம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்! அந்தப் படங்களைக் கண்ட பிரபுக்கள்தான் "என் குதிரையை வரை, என் நாயை வரை" என்று அவரைக் கூப்பிட்டார்கள். 1762 வாக்கில் அவர் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற குதிரையின் படத்தை லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1997இல் 11 மில்லியன் பவுன் கொடுத்து வாங்கியது. நமக்கும் இது புதிதில்லை. மாமல்லபுரத்துப் பாறையில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது. அங்கேயே ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பு அந்தச் சிற்பிக்கும் யாரோ கூலி கொடுத்துத்தான் இருப்பார்கள்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாததால், "தம்பி, மூணு மாசம் டைம் குடு. ஆள் பிடிச்சுக் காட்டுறேன்" என்று மட்டும் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

முதல் தப்பை நான்தான் செய்தேன். பணி ஓய்வு பெற்ற கிராணியார் ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய நாய் செத்து ஒரு மாதம். கைப்பேசியில் படம் வைத்திருந்தார். பிள்ளையைக் கேட்காமலே, "முப்பது வெள்ளி, ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவள் நாலு இரவு, மொத்தம் 12 மணி நேரம் உட்கார்ந்து வரைந்தாள். கிராணியார் வந்து வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் நாய் இல்லையேம்மா. காது எங்க?"

அந்த நாய்க்கு இடது காது பாதிதான். எப்போதோ காட்டுப்பன்றி கிழித்துவிட்டது. கைப்பேசிப் படத்தில் அந்தப் பக்கம் நிழல். இவள், முழுக் காது இருந்தால்தான் அழகு என்று நினைத்து வரைந்துவிட்டாள். பத்து வருடமாக அந்தக் கிழிந்த காதைத் தடவிக் கொடுத்த மனிதருக்கு முழுக் காது எதற்கு? அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்ப் புதிதாக இன்னொன்று வரைந்தாள். இன்னும் 12 மணி நேரம். அதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டார். நானும் உள்ளே போய்க் கண்ணாடி வெட்டுவது போல நின்றுகொண்டேன்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 24 மணி நேரத்துக்கு முப்பது வெள்ளி. மணிக்கு 1 வெள்ளி 25 காசு! நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. தோட்டத்தில் கூலி ஒரு வெள்ளி குறைந்தால் சங்கத்துக்குப் போகிறோம். நம் வீட்டுப் பிள்ளையின் கூலியை நாமே இப்படி அடிக்கிறோம். அவள் ஒரே தடவையில் சரியாக வரைந்தாலும் 12 மணி நேரத்துக்கு நூறு வெள்ளிக்குக் குறையாமல் வர வேண்டும். ஆகவே ஏ4 அளவில் ஒரு பிராணிக்கு 100 வெள்ளி, கூட இன்னொன்று இருந்தால் 60 என்று அட்டையில் எழுதி மாட்டினோம். பாதிப் பணம் முன்னால், மீதி படத்தைப் பார்த்துத் திருப்தியான பிறகு. சட்டத்துக்குத் தனி. அது என் வயிற்றுப்பாடு, கோபிக்கக் கூடாது.

அந்த அட்டைக்குப் பிறகு பாதிப் பேர் "அவ்வளவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போகட்டும். மீதிப் பேருடைய படத்தை அவள் அவசரமில்லாமல் வரைந்தாள்.

பென்சிலைத் தொடும் முன் இப்போது அவள் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, டாக்டர் கேட்பது போல இருக்கும். காதில் மச்சம் உண்டா? வால் எந்தப் பக்கம் சுருளும்? கழுத்துப் பட்டையோடு வரையவா, இல்லாமலா? உங்களைப் பார்த்தால் என்ன செய்யும்? கடைசிக் கேள்விக்குத்தான் ஜனங்கள் அரை மணி நேரம் பதில் சொல்வார்கள். சொல்லி முடிக்கும்போது அவர்களே, "என் தங்கச்சி வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்பார்கள். அடுத்த வாடிக்கையாளர் அப்படித்தான் வருவார்.

ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஆள் வராது. பட்டணத்தில் மிருக டாக்டர் ஒருவரைக் கேட்டு, அவர் கிளினிக் சுவரில் ஒரு மாதிரிப் படமும் விலையும் ஒட்டினோம். நாயையோ பூனையையோ மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள்தானே அங்கே உட்கார்ந்திருப்பார்கள்! கோழித் தீவனம் விற்கிற சீனத் தவுக்கே தன் கிழட்டு நாயை முதலில் வரையச் சொன்னார். அந்தப் படத்தைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். அது எங்களுக்குப் பெரிய விளம்பரம். மலாய்க்கார ஆசிரியை ஒருவர் மூன்று பூனைகளுக்குச் சொன்னார். ஆசிரியர் அறையில் அவர் காட்டியதில் இன்னும் இரண்டு வந்தது. மெர்போக் புறா வளர்க்கிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. கிளந்தானில் அதைக் கூவவிட்டுப் போட்டியே நடத்துகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன்: சிலர் வீட்டில் உயிருள்ளவற்றின் படத்தைச் சுவரில் மாட்டமாட்டார்கள். அது அவர்கள் நம்பிக்கை. சிரித்துவிட்டு வந்துவிட வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

படம் எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் நாய் தலை பெரிதாகவும் கால் சின்னதாகவும் வரும். குந்தி உட்கார்ந்து, அதன் கண் உயரத்துக்கு எடுங்கள். காலை நேரம், வாசல் நிழல் நல்லது. பிளாஷ் போட்டால் கண் பேய் மாதிரி மின்னும். கறுப்பு நாய்தான் ரொம்பக் கஷ்டம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழாவிட்டால் கரிக்கட்டை மாதிரி தெரியும். வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லி உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் என்றவுடன் மரச் சட்டத்தை மட்டும் நினைக்காதீர்கள். நாட்டுச் சட்டமும் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லி வரைந்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். ஆகவே மாதிரிக்காகக் கடையில் மாட்டிக்கொள்ள அனுமதி உண்டு என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறாள். 18 வயது ஆனதும் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் வியாபாரத்தைப் பதிந்தாள். சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. சொந்தப் பெயரே போதும் என்று சொல்லிவிட்டாள்.

என் தொழில் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியும் தாளும் ஒட்டிக்கொண்டால் பூஞ்சணம் பிடிக்கும். நடுவில் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். பென்சில் வெயிலுக்கு மங்காது, வண்ணம் மங்கும். வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள்.

மூன்று மாதம் முடிந்தது. எத்தனை படம்? ஏழு. எழுநூறு வெள்ளி கூடச் சுத்தமாக வரவில்லை. தாள், பென்சில், பஸ் காசு எல்லாம் போக வேண்டுமே. ஜெயித்துவிட்டோம் என்று மேடையில் பொய் சொல்ல மாட்டேன். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் அவள் அப்பாவிடம் போனேன். அவர் அந்த ரசீதுப் புத்தகத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "இத்தனை பேரு காசு குடுத்தாங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார். ஜொகூர்ப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. இப்போது பகலில் பட்டணத்து மினி மார்க்கெட்டில் வேலை, இரவில் பென்சில். மாதத்துக்கு நாலு படம் வருகிறது. தீபாவளி, சீனப் பெருநாள் சமயத்தில் கூடும்.

போன மாதம் அந்த அப்பா கடைக்கு வந்தார். மகள் படிப்புக்காக விற்ற பசுமாட்டை வரைய வேண்டுமாம். "மத்தவங்க மாதிரி நானும் காசு குடுத்துத்தான் வாங்குவேன்" என்று 50 வெள்ளியை என் மேசையில் வைத்தார். மாட்டுக்குப் போட்டோ கிடையாது. அப்பாவும் அம்மாவும் கொம்பு எப்படி வளைந்திருந்தது என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பிள்ளை மூன்றாவது தடவையாக அழித்து வரைந்துகொண்டிருக்கிறாள்.

அவள் இன்று வந்திருக்கிறாள். மண்டபத்து வாசலில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், மேசை போட்டிருக்கிறாள். மாதிரிப் படங்களும் விலை அட்டையும் இருக்கின்றன. முதல் ரசீதில் என் பெயர் இருக்கும்: என் பேத்தியின் சேவல், முன்பணம் 50. பழைய பிஸ்கட் கடனை அதில் கழிக்கச் சொல்லவில்லை.