வில்சன் மலையின் இரவுத் தொழிலாளி

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



பிரபஞ்சம் விரிகின்றது என்னும் கொள்கையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று எமது காரியதரிசி கேட்டபோது நாம் தயக்கமின்றி இசைந்தோம். பரீட்சைக்குப் படித்த விஷயந்தானே, அரை மணித்தியாலத்தில் ஒப்புவித்துவிடலாம் என்பது எமது எண்ணம். அதற்கென நூல்களைப் புரட்டிய வேளையில் ஒரு மனிதர் குறுக்கே வந்து நின்றுகொண்டார். எமது பாடக்குறிப்பிலே அவர் பெயர் ஒருமுறைதானும் வந்ததில்லை. ஆகையால், கொள்கையைப் பேச வந்த நாம் இன்று அந்த மனிதரின் இரவுகளைப் பற்றியே பேசப்போகிறோம். காரியதரிசி மன்னிப்பாராக.

வானசாஸ்திரி என்றதும் எம் மனக்கண்ணில் தோன்றுகின்றவர் யார்? வெண்தாடி, நீண்ட குழாய், அதிலே பதித்த ஒரு கண், திடீரென்று ஓர் ஆனந்தக் கூவல், மறுநாட் பத்திரிகையிலே ஒரு புதிய கிரகம். படக்காட்சிக்கு இது பொருந்தும். உண்மையான வானசாஸ்திரியின் வேலையோ, நிலவில்லா இரவிலே துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த எங்கள் பாட்டன்மாரின் வேலையையே பெரிதும் ஒத்தது. அவ்வளவு நீண்டது, அவ்வளவு குளிரானது, பார்ப்பவர் எவருமில்லாதது.

நாம் சொல்லவந்த மனிதர் மில்ற்றன் ஹியூமசன். 1891ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மினசோற்றா மாகாணத்தில் பிறந்தவர். பதினான்கு வயதிலே கலிபோர்ணியாவிலுள்ள வில்சன் மலைக்குக் கோடைகால முகாமொன்றிற்குப் போனார். ஏறக்குறைய 5,700 அடி உயரமான அந்த மலை அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு மலையிலே தங்குவதற்குப் பெற்றோரிடம் உத்தரவு கேட்டார், அவர்களும் கொடுத்தார்கள். அந்த ஒரு வருடம் பின்னர் முடியவேயில்லை.

மலையுச்சியிலே வானாராய்ச்சி நிலையம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. மரமும் இரும்பும் உணவும் ஒடுங்கிய மலைப்பாதை வழியே கோவேறு கழுதைகளின் முதுகிலே ஏறவேண்டும். அவற்றை ஓட்டிச் செல்லும் தொழில் ஹியூமசனுக்குக் கிடைத்தது. 1911இல் நிலையத்துப் பொறியியலாளரின் மகளை மணஞ்செய்தார். இடையிலே சில ஆண்டுகள் மலையை விட்டிறங்கித் தோட்ட வேலை பார்த்தும் மனம் அங்கே ஒட்டவில்லை. 1917இல் மீண்டும் மலைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த பதவி, நிலையத்தைக் கூட்டித் துடைக்கும் பணியாளர் பதவி. அதே ஆண்டு நவம்பர் மாதத்திலேதான் நூறு அங்குல ஆடி பொருந்திய பெருந் தொலைகாட்டி அங்கே முதன்முறை வானத்தை நோக்கித் திறக்கப்பட்டது. தும்புத்தடியோடு வந்தவரும் உலகத்திலேயே பெரிய தொலைகாட்டியும் ஒரே ஆண்டிலே அந்த மலையில் வேலை தொடங்கியதை எண்ண எமக்குச் சிரிப்பும் வருகிறது, ஒருவகை மரியாதையும் வருகிறது.

சிறிது காலத்திலே அவர் இராத்திரி உதவியாளரானார். கூடாரக் கதவைத் திறப்பது, கருவியைத் திருப்புவது, கண்ணாடித் தகடுகளைப் பொருத்துவது ஆகியன அவர் வேலை. ஆராய்ச்சியாளர் வராத வேளைகளில் தாமே படம் பிடித்துப் பழகினார். சேத் நிக்கல்சன் என்னும் வானசாஸ்திரி அவருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். ஹாலோ ஷாப்லி அவர் கையின் நேர்த்தியைக் கண்டு மேலிடத்திலே எடுத்துச் சொன்னார். நிலையத்தின் அதிபர் ஜோர்ஜ் எலெரி ஹேல், உயர்தரப் பள்ளிப் படிப்பையும் முடிக்காத அம்மனிதரை ஆராய்ச்சி உத்தியோகத்தர்களுள் ஒருவராக நியமித்தார்.

இனி அந்த இரவுகளைப் பார்ப்போம். மங்கலான பொருள்களை ஆராய்பவருக்கு நிலவு பகை. ஆகவே ஹியூமசன் போன்றோரின் மாதக்கணக்கு எங்கள் பஞ்சாங்கத்தைப் போல அமாவாசையைச் சுற்றியே அமைந்தது. நிலவில்லாத நாட்களுக்கென மலையேறுவார்கள். அங்கே அவர்கள் தங்கும் விடுதிக்குத் துறவிமடம் என்று பெயர். மடம் என்றால் அடியவர்க்குச் சோறு போடும் இடம் என்று பழகிய எமக்கு அந்தப் பெயர் வினோதமாயிருந்தது. அங்கும் சோறு போட்டார்கள். ஆனால் ஒழுங்கு வேறு. நூறு அங்குலத் தொலைகாட்டியிலே அன்றிரவு வேலை செய்பவர் மேசையின் தலைமாட்டில் இருப்பார். மற்றவர்கள் கருவியின் தரத்துக்கேற்ப வரிசையாக இருப்பார்கள். பெண்களுக்கு அந்த மடத்திலே இடமில்லை. மார்கரெற் பேர்பிட்ஜ் என்னும் பேரறிஞர் 1950களிலே அங்கு ஆராய்வதற்கு, கணவரின் உதவியாளர் என்ற பெயரிலே வரவேண்டியிருந்தது. வாலிபர் சங்க மேடையிலே நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் விட எமக்கு மனம் வரவில்லை.

சாப்பாடு முடிந்து இருட்டியதும் கூடாரத்துக்குள்ளே போவார்கள். உள்ளே நெருப்பு மூட்டக்கூடாது. வெப்பக்காற்று மேலெழுந்தால் உடுவின் விம்பம் நீருக்கடியிற் கிடக்கும் காசைப்போல நடுங்கும். ஆகையால் வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் உள்ளேயும் இருக்கவேண்டும். பாரமான இரும்புப் பாரொன்று மெல்ல மெல்ல இறங்க, அதன் விசையால் மணிக்கூட்டுப் பொறி ஓட, இரசத்திலே மிதக்கும் அப்பெருங் கருவி பூமி சுழலும் திசைக்கு எதிராக நகரும். அந்தப் பொறி எவ்வளவு நுட்பமானதாயினும் சிறிது பிசகும். அந்தப் பிசகைத் திருத்துவதற்காகவே மனிதர் அங்கே இருந்தார். கண்ணைக் கண்வில்லையில் வைத்தபடி, கையிலே விசைப்பொத்தான்களைப் பிடித்தபடி, ஒளிப்புள்ளி மயிரிழையும் விலகாமல் மணிக்கணக்காகக் காத்திருப்பார். விரல் விறைத்தாலும் எழுந்து உலாவ முடியாது. பிடிக்கவேண்டிய பொருளோ பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. பக்கத்திலுள்ள ஓர் உடுவை வழிகாட்டியாகக் கொண்டு, தெரியாத பொருளைப் பின்தொடரவேண்டும்.

எதற்காக இவ்வளவு பாடு? ஒளியை அரியத்தினூடே செலுத்தினால் நிறங்களாகப் பிரியும். அந்த நிறமாலையிலே குறுக்காகக் கரிய கோடுகள் சில நிற்கும். தூரத்து விண்மீன் கூட்டங்களின் நிறமாலையில் இக்கோடுகள் தமக்குரிய இடத்தை விட்டுச் சிவப்புப் பக்கமாகத் தள்ளி நிற்கின்றன. யாழ்தேவி ஊதிக்கொண்டு கடவையைக் கடந்து அப்பாற் போகும்போது அதன் ஊதல் தடித்துக் கேட்பதில்லையா? அதுபோல இது என்று ஒருவாறு சொல்லலாம். தள்ளி நிற்கும் அளவைக் கொண்டு, அக்கூட்டம் எம்மை விட்டு விலகும் வேகத்தைக் கணிப்பார்கள். அரிசோனாவிலே லோவெல் நிலையத்து ஸ்லைபர் என்பவர் 1912 முதல் இதை அளந்து, செக்கனுக்கு 1,800 கிலோமீற்றர் வரையான வேகங்களைக் கண்டிருந்தார். அதற்கப்பாலுள்ள மங்கலான கூட்டங்களுக்கு அவருடைய சிறிய தொலைகாட்டி எட்டவில்லை.

1928இல் எட்வின் ஹபிள் ஒல்லாந்திலே லெய்டன் நகரில் நடந்த வானசாஸ்திரிகள் மகாநாட்டிலிருந்து திரும்பிவந்து, தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறதா என்று அளந்து பார்க்கும்படி ஹியூமசனைக் கேட்டார். ஹியூமசன் பீகசஸ் உடுத்தொகுதியிலுள்ள என்.ஜி.சி. 7619 என்னும் கூட்டத்தைத் தெரிந்தெடுத்தார். ஒரே தகட்டிலே 33 மணித்தியாலம் ஒளி விழவிட்டார். மற்றொரு தகட்டிலே 45 மணித்தியாலம். ஓரிரவிலே இவ்வளவு நேரம் ஏது? வேளை கடந்ததும் தகட்டை இருளிலே மூடிவைத்து, அடுத்த இரவு அதே பொருளை அதே இடத்திலே மீண்டும் பிடித்துத் தொடரவேண்டும். ஐந்தாம் இரவிலே கை தவறினால் முதல் நான்கு இரவுகளும் வீண். இத்தனைக்கும் பின் தகட்டிலே விழுவது ஓர் அரிசிமணியளவான சாம்பல்நிறக் கோடு. அதை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து அளந்தபோது வந்த வேகம் செக்கனுக்கு 3,779 கிலோமீற்றர். அதற்குமுன் கண்ட எதனினும் இருமடங்குக்கு மேல். 1929இல் ஒரே சஞ்சிகையிலே ஹியூமசனின் சிறு கட்டுரை முன்னும், ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரை அதன் பின்னும் வெளிவந்தன. பின்னதைத்தான் நாம் பரீட்சைக்குப் படித்தோம்.

அன்பர்களே, இந்த இடத்திலே ஹியூமசன் ஒரு முனிவர் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது. அந்த இரண்டு தகடுகளும் முடிந்ததும், இனி இது எம்மால் ஆகாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்! ஹேல் அவரை அழைத்துப் பேசி, விரைவாக வேலை செய்யும் கருவி செய்து தருவோம் என்று வாக்குக் கொடுத்த பின்னரே இணங்கினார். நுணுக்குக்காட்டி வில்லையைத் தலைகீழாக்கியது போன்றதொரு புது வில்லை வந்தது, நேரமும் குறைந்தது. 1931அளவில் செக்கனுக்கு 20,000 கிலோமீற்றரையும், 1936அளவில் 40,000 கிலோமீற்றரையும் எட்டினார்கள். கூலி கேட்காமல் உழைப்பவரைப் போற்றுவது எமது வழக்கம். நல்ல கருவி கேட்டு வாங்கி உழைத்தவரை நாம் அதனினும் மேலாக மதிக்கிறோம்.

அவருக்குக் கைநழுவிய புகழும் உண்டு. நெப்தியூனுக்கு அப்பால் ஒரு கிரகம் உண்டென்று பிக்கரிங் கணித்தபோது, 1919இல் அதைத் தேடிப் படம் பிடித்தவர் ஹியூமசன், கிடைக்கவில்லை. 1930இல் ரொம்போ என்னும் இளைஞர் புளூட்டோவைக் கண்டபின் பழைய தகடுகளைப் பார்த்தால், அது அங்கே இருந்தது! ஒன்றிலே தகட்டின் பழுதினிடத்திலும், மற்றொன்றிலே ஓர் உடுவின் அருகிலும் மறைந்து நின்றதாகச் சொல்வர். இன்னொரு கதை அவரே பிற்காலத்திற் சொன்னது. அந்திரொமீடா நெபுலாவின் தகடுகளிலே ஒளி மாறும் உடுக்கள் சிலவற்றைக் கண்டு, மையினால் அடையாளமிட்டு ஷாப்லியிடம் கொண்டுபோனாராம். அந்த நெபுலா எமது பால்வீதிக்குள்ளேயே இருக்கிறதென்று நம்பிய ஷாப்லி, அவை அத்தகைய உடுக்களாக இருக்கமுடியாது என்று விளக்கிவிட்டு, கைக்குட்டையை எடுத்து அந்த அடையாளங்களைத் துடைத்துவிட்டாராம். 1923இல் அதே நெபுலாவிலே அத்தகைய உடுவைக் கண்டு ஹபிள் உலகப்புகழ் பெற்றார். கதவைத் திறந்துவிட்ட கையும் ஷாப்லியின் கை. மையைத் துடைத்த கையும் அதே கை. அவரை எப்படி எடைபோடுவது என்று எமக்கு இன்னும் விளங்கவில்லை.

படிப்பு வேண்டாம் என்பதற்கு ஹியூமசனைச் சாட்சிக்கு இழுப்போர் உண்டு. நாம் உடன்படமாட்டோம். அவர் படித்தவர், வேறு வாசலால் உட்சென்று படித்தவர். எம்மை வருத்துவது வேறொன்று. எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த ஒருவன் பழுதான வானொலிப்பெட்டி எதையும் பேசவைப்பான். பரீட்சையில் ஒரு பாடம் தவறிப்போனது. ஊரிலே அவனை உருப்படாதவன் என்றார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான நாமும் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பேச்சை ஆயத்தஞ் செய்த இரவுகளிலே அவன் முகந்தான் அடிக்கடி வந்தது. அவனுக்கு ஒரு நிக்கல்சன் கிடைக்கவில்லை. நாமாவது அப்படி இருந்திருக்கலாம்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். தூரத்துக்கும் வேகத்துக்குமுள்ள தொடர்பை ஹபிள் விதி என்றே உலகம் சொல்லிவந்தது. 1927இலேயே இதனைக் கணிதவழியிற் காட்டிய பெல்ஜியத்துப் பாதிரியார் லெமேத்தரின் பெயரையும் சேர்த்து, ஹபிள் – லெமேத்தர் விதி என வழங்குமாறு 2018இல் சர்வதேச வானவியல் ஒன்றியம் பரிந்துரைத்தது. ஹியூமசனின் பெயர் அதிலும் இல்லை. அவர் அதைப் பற்றி வருந்தியதாகத் தெரியவில்லை. தம்முடைய பங்கு அடிப்படையானது, அதன் பொருள் என்னவென்று எவர் எப்படி முடிவு செய்தாலும் அது மாறாது என்பதே தமக்கு மகிழ்ச்சி என்ற கருத்துப்படப் பிற்காலத்திலே பேசியிருக்கிறார். 1950இல் சுவீடனின் லுண்ட் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1956இல் மேயோல், சாண்டேஜ் என்போருடன் வெளியிட்ட பெரும் பட்டியலிலே 620 விண்மீன் கூட்டங்களின் அளவுகள் வில்சன் மலையிலும் பலோமர் மலையிலும் எடுத்தவை. அந்த இரவுகள் ஹியூமசனுடையவை.

1957இல் ஓய்வு பெற்றார். ஆனாலும் 1961இலே பலோமர் மலையில் எடுத்த ஒரு தகட்டிலே அவர் கண்ணுக்கு ஒரு வால்வெள்ளி அகப்பட்டது. சூரியனுக்கு வெகுதூரத்திலேயே விழித்தெழுந்து வாயுவைக் கக்கிய அதிசய வால்வெள்ளி அது. வழக்கப்படி கண்டவர் பெயரையே அதற்கு இட்டார்கள். ஹியூமசன் 1972இல் காலமானார். 1962இன் இறுதியிலே சூரியனை அண்மித்துத் திரும்பிய ஹியூமசன் வால்வெள்ளி இப்போது வெளியிருளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது மீண்டும் வர இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் செல்லும்.