ஊர்ச்சோலையில் உறையும் தெய்வங்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இலக்கியச் சுவையை எடுத்துரைக்கப் புலவர் பெருமக்கள் பலர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் நாம் சற்று அயல்நாடு சென்று, ஜப்பானியரின் ஊர்க்கோயில்களைக் கண்டு வருவோம்.

அவர்தம் பழஞ்சமயத்திற்கு ஷிண்டோ என்று பெயர். தெய்வங்களின் நெறி என்பது அதன் பொருள். இன்னார் நிறுவினார் என்று சொல்ல அதற்கு ஒருவர் இல்லை. ஆயினும் கோயில்களுக்குக் குறைவில்லை. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 80,000 கோயில்கள் உள்ளன.

அக்கோயிலுக்கு அடையாளம் கோபுரம் அன்று. தோரி என்னும் வாயில். இரு தூண்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவ்வளவே, கதவு கிடையாது. அதனைக் கடந்தால் தெய்வத்தின் எல்லை. வழியில் உள்ள நீர்த்தொட்டியில் அகப்பையால் மொண்டு, இடக்கை, வலக்கை, வாய் என முறையே தூய்மை செய்துகொள்வர். சந்நிதியில் காசு இட்டு, இருமுறை தலை தாழ்த்தி, இருமுறை கை தட்டி, மீண்டும் ஒருமுறை தலை தாழ்த்துவர். உள்ளே சிலையைக் காண்பது அரிது. கண்ணாடியோ வாளோ தெய்வத்தின் இருப்பிடமாகப் பேணி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். நாரா மாநிலத்து ஓமிவாக் கோயிலில் கருவறையே இல்லை; பின்னால் நிற்கும் மலையே தெய்வம். பிற இடங்களிலும் கோயிலைச் சூழ்ந்த சோலையே அதன் உயிர் எனலாம். முதிய மரத்தில் வைக்கோற் புரி கட்டியிருப்பின், அது தெய்வம் உறையும் மரம்; அதன்மேல் கோடரி வைக்க எவரும் துணியார்.

பிறந்த மகவை ஏறத்தாழ ஒரு திங்கள் சென்றபின் ஊர்த்தெய்வத்தின்முன் கொண்டுபோய்க் காட்டுகின்றனர். மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் நவம்பர் 15ஆம் நாளையொட்டிப் புத்தாடை உடுத்து மீண்டும் அழைத்துச் செல்கின்றனர். மனை கோலுமுன் பூசகர் வந்து நிலத்தெய்வத்தின் இசைவைப் பெறுகிறார். வானளாவும் மாளிகை எழுப்பும் பெரு நிறுவனங்களும் இச்சடங்கை விடுவதில்லை. பழைய கணக்கின்படி பத்தாம் திங்களில் நாட்டிலுள்ள தெய்வங்கள் எல்லாம் இஸுமோ என்னும் தலத்தில் கூடி, எவர்க்கு எவரை மணமுடிப்பது என்று முடிவு செய்கின்றனவாம். அத்திங்களுக்குத் ‘தெய்வமில்லாத் திங்கள்’ என்றே பெயர். இஸுமோவில் மட்டும் ‘தெய்வமுள்ள திங்கள்’. எபிசு என்னும் மீனவர் தெய்வம் செவி கேளாதவர் ஆதலால் அழைப்பை அறியாது ஊரிலேயே தங்கிவிடுவார் என்றொரு கதையும் உண்டு. ஊருக்குக் காவல் வேண்டுமன்றோ!

மனிதரும் அங்குத் தெய்வமாவர். சுகவாரா நோ மிசிசானே என்பவர் கல்வியால் உயர்ந்து அமைச்சரானவர். 901ஆம் ஆண்டில் பகைவர் கூறிய பழிச்சொல்லால் கியோத்தோ நகரினின்றும் தொலைவிலுள்ள தசைபு என்னும் ஊருக்குப் பதவி குறைத்து அனுப்பப்பட்டார்; 903இல் அங்கேயே உயிர் நீத்தார். பின்னர் 930இல் அரண்மனையில் இடி விழவே, அவர் சினமே காரணம் என அஞ்சினர். 947இல் கியோத்தோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. இன்று அவர் கல்வித் தெய்வம். தேர்வெழுதும் மாணாக்கர் சிறு மரப்பலகையில் தம் வேண்டுதலை எழுதி அவர் சந்நிதியில் தொங்கவிடுகின்றனர். அவர் வீட்டு முற்றத்துப் பிளம் மரம் தலைவனைப் பிரிந்திருக்க ஆற்றாது, ஓரிரவில் தசைபுவுக்கே பறந்து வந்து வேரூன்றிற்று என்பர். மாற்றல் உத்தரவால் ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றார்க்கு இக்கதையின் சுவையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இக்கோயில்கள் இடையூறின்றி வாழ்ந்தன என்று எண்ணிவிடல் வேண்டா. 1868க்குப் பின் அமைந்த அரசு, கோயில்களைத் தன் ஆட்சியின் கருவியாக்கிக் கொண்டது. 1906இல், வருவாயற்ற சிறு கோயில்களை மூடி, ஒரு கிராமத்திற்கு ஒரு கோயில் என்னும் அளவில் இணைக்க முற்பட்டது. தாளில் பார்த்தால் இது சிக்கனம். பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 70,000 கோயில்கள் மறைந்தன. தெய்வம் வேற்றூருக்குப் போயிற்று. முதியோர் நடந்து சென்று தொழ இயலாத தொலைவு. வெறுமையான சோலைகளிலிருந்த நூற்றாண்டு மரங்கள் விலைபோயின. மரம் விற்ற பணத்தில் எவர்க்குப் பங்கு என்பது ஊரார் அறியாததன்று.

வகயாமா மாநிலத்து மினகத்தா குமகுசு என்பார் இதனை எதிர்த்து எழுந்தார். இலண்டன் மாநகரில் பல்லாண்டு கற்றுத் திரும்பிய இயற்கைநூலறிஞர் அவர். அவர் பெயரின் இறுதியிலுள்ள குசு என்பது கற்பூர மரம். ஊர்க்கோயிலின் புனித மரத்தை நினைந்து குழந்தைக்குப் பெயரிடும் வழக்கத்தால் அமைந்தது. சோலை அழிந்தால் பறவை கூடிழக்கும், பயிர்ப்பூச்சி பெருகும். திருவிழா நின்றால் ஊரார் ஒற்றுமை குலையும், பழங்கதைகள் மறையும் என்று ஓயாது எழுதினார். 1910இல் அதிகாரி ஒருவர் பங்குகொண்ட கூட்டத்தில் புகுந்து ஆர்ப்பரித்தமைக்காகச் சில நாள் காவலிலும் இருந்தார். 1920இல் அந்நாட்டுப் பிரபுக்கள் அவை, இவ்விணைப்புப் பயனற்றது எனத் தீர்மானித்தது. அதற்குள் அழிந்த சோலைகள் மீளவில்லை. எனினும் அவர் காக்கப் போராடிய தனபே விரிகுடாவின் கஷிமா என்னும் சிறு தீவில் மரங்கள் நின்றன. 1929இல் ஜப்பானியப் பேரரசரே அத்தீவில் இறங்கிப் பார்த்தார்.

இரயில்வே ஊழியராகிய நமக்கு உவப்பான செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. ஒசாகா மாநிலத்தில் கயஷிமா என்றொரு நிலையம். அதன் அருகே ஊர்க்கோயிலின் கற்பூர மரம், வயது ஏறத்தாழ 700. 1970களில் பாதையை உயர்த்தி விரிவாக்கத் திட்டமிட்டபோது மரம் இடையில் நின்றது, வெட்டுவதென முடிவாயிற்று. ஊரார் திரண்டு எதிர்த்தனர். அதன் கிளையை ஒடித்தவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது என்ற பேச்சும் ஊரெங்கும் பரவிற்று. அச்சமோ அன்போ, இரயில் நிறுவனத்தார் வரைபடத்தையே மாற்றினர். 1980இல் முடிந்த மேல்நிலை நிலையத்தில் மேடையையும் கூரையையும் துளைத்து மரத்திற்கு வழி விட்டனர். அடியில் சிறு கோயில். நடுவில் வண்டிக்காகக் காத்திருக்கும் பயணிகள். கூரைக்கு மேலே பசுந்தழை. இன்றும் அவ்வாறே நிற்கிறது.